கசந்தால் மருந்துதானே?

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் தராசின் சிறுநீரகம் அவள் கணவருக்குப் பொருந்தும் என்று டாக்டர் சொன்னதும், அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். திங்கட்கிழமை ஆபரேஷன் என்று தேதியும் குறித்தாயிற்று. எழுதி முடித்துவிட்டு நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். தொடர்கதையில் நல்ல செய்திக்கு ஆயுசு ஒரு வாரம்தான் என்பது எனக்கே மறந்துவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் கணவர் முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரம்தான் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது.

அவர் மனைவி சரக்கு வளாகத்து எடைமேடையில் வேலை பார்க்கிறாள். பகலில் லாரிகளை எடை போடுவாள், வீட்டுக்கு வந்து கேரட்டை எடை போடுவாள். கணவரின் தட்டில் என்ன விழுந்தாலும் கிராம் கணக்கு. தராசு என்று நாத்தனார்தான் பெயர் வைத்தாள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த நாத்தனார், அதாவது லிஃப்ட்காரரின் தங்கை, ஒரு வார இதழில் உடல்நலப் பக்கம் எழுதுகிறாள். வீட்டில் அவளுக்குப் பேப்பர் என்று பெயர். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர்களை விடாமல் நச்சரித்து, ஆராய்ச்சிகளைப் படித்து, ஐம்பது வரிக்குள் அழகாகச் சொல்லிவிடுவாள். இந்த வாரம் வம்பு அந்த ஐம்பது வரியில் இருந்துதான் வந்தது.

*

வியாழக்கிழமை காலை எட்டு மணி. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை மேஜையில் வைத்து, பேனாவின் பின்பக்கத்தால் ஓர் எண்ணைத் தட்டினார்.

"ஆறு புள்ளி நாலு."

எதிரே இருந்த மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்தார்கள்.

"பொட்டாசியம். போன வாரம் அஞ்சு புள்ளி எட்டு. அதுக்கு முந்தின வாரம் அஞ்சு புள்ளி மூணு. ஏறிக்கிட்டே இருக்கு," என்றார் டாக்டர். "நல்ல சிறுநீரகம்னா அதிகமானதை வெளியே தள்ளிடும். இவருக்கு உள்ளேயே தேங்குது. தேங்கினா இதயத் துடிப்பு தப்பும். சில பேருக்கு நின்னே போயிருக்கு."

"நாங்க சாப்பாட்டுல எதையும் மாத்தலையே டாக்டர்," என்றாள் தராசு.

"ஏதோ மாறியிருக்கும்மா. தானா ஏறாது."

"இப்ப என்ன பண்றது?"

"உடனே டயாலிசிஸ்ல போடறேன். மதியத்துக்குள்ள எறங்கிடும். என் கவலை அது இல்ல." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அடுத்து வருவது இனிப்பாக இருக்காது என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். "ஆபரேஷனுக்கு அப்புறம் இவர் வாழ்நாள் பூரா வேளை தவறாம மாத்திரை சாப்பிடணும். விட்டா, நீங்க கொடுத்த சிறுநீரகம் குப்பைக்குப் போயிடும். சாப்பாட்டுலேயே சொன்ன பேச்சைக் கேட்காதவரை நம்பி நான் எப்படிக் கத்தியை எடுக்கிறது?"

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். தாளை மடித்தார்.

"காரணம் என்னன்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். தெரியலேன்னா திங்கட்கிழமையை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவேன். உங்களுக்கு அடுத்தது மூணு மாசம் கழிச்சுத்தான்."

மூன்று மாதம். அந்த உடம்பு இன்னும் மூன்று மாதம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பதிலைக் கேட்கப் பயம்.

எழுந்து போகும்போது டாக்டர் ஆறுதலாக ஒன்று சொன்னார். "பி.பி. மட்டும் அழகா குறைஞ்சிருக்கு. அதுல சந்தோஷம்தான்."

லிஃப்ட்காரர் முகத்தில் ஒரு சின்னப் பூரிப்பு வந்து போனது. இவ்வளவு களேபரத்திலும் இவருக்கு என்ன சிரிப்பு என்று தங்கைக்கு ஒரு கணம் தோன்றியது.

*

டயாலிசிஸ் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அதில் நான்கு நோயாளிகள், அவர்களோடு வந்தவர்கள், ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ். பேசக்கூடாத இடம் என்றால் அதுதான்.

பேப்பர் அங்கேதான் ஆரம்பித்தாள்.

"அண்ணி, உருளைக்கிழங்கை ஊறவைக்காம போட்டுட்டீங்களா?"

"ஊறவெச்சேன்."

"வேகவெச்ச தண்ணியைக் கொட்டினீங்களா? அதுலதான பொட்டாசியம் எறங்கும்!"

"கொட்டினேன். புதுத் தண்ணி ஊத்தி மறுபடி வேகவெச்சு, அதையும் கொட்டினேன்."

"அப்ப ஏன் ஏறுது? அண்ணனுக்குச் சமைக்கிறது நீங்க ஒருத்தர்தானே? வேலை அசதியில ஒரு நாள் ரெண்டு நாள் விட்டிருக்கலாம். விட்டிருந்தா விட்டேன்னு சொல்லிடுங்க அண்ணி, உயிர் விஷயம்!"

நர்ஸ் ஃபைல் அடுக்குவதை நிறுத்தினாள். பெஞ்சில் இருந்த எட்டுப் பேரும் தராசைப் பார்த்தார்கள். தராசு தன் கணவரைப் பார்த்தாள்.

லிஃப்ட்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இந்த மனிதர்மேல் பிரியம் உண்டு, பதின்மூன்று வாரமாக அவரைத் தூக்கித்தான் பிடித்திருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, மனைவிக்காகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தராசு பையைத் தோளில் மாட்டினாள். "எனக்கு ஒன்பது மணிக்கு ஷிஃப்ட். லீவையெல்லாம் திங்கட்கிழமைக்காகச் சேர்த்து வெச்சிருக்கேன். மதியம் வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆத்திரத்தைக்கூட அவள் அளந்துதான் வெளியே விடுவாள்.

*

இடது கையில் இரண்டு ஊசி. வலது கையில் பி.பி. பட்டை. டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்திருக்கும் லிஃப்ட்காரரால் மூக்கைச் சொறியக்கூட இன்னொருவர் வேண்டும். ரத்தம் ஒரு குழாயில் போய், இன்னொன்றில் திரும்பிக்கொண்டிருந்தது.

நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏய் பேப்பர். என் ஸ்வெட்டர் உள்பாக்கெட்டுல ஒண்ணு இருக்கு, எடு."

"என்ன அண்ணா?"

"எடேன். ஒரு வரிசை ஒடைச்சு வாயில போடு. காலைக் கணக்கு இன்னும் பாக்கி."

அவள் கையை விட்டு எடுத்தாள். கறுப்புக் காகிதம் சுற்றிய ஒரு பட்டை. பாதி காலியாகியிருந்தது. எண்பத்தைந்து சதவீதம் கோகோ என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கூடவே நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டும் வந்தது.

பிரித்துப் பார்த்தாள். அவள் எழுதியதுதான். 'கறுப்பில் இருக்கிறது ஆரோக்கியம்: டார்க் சாக்லேட் தரும் நன்மைகள்.' ஓரங்களைக் கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டி, சில வரிகளுக்கு அடியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தார்.

"நீ என்ன நெனைச்சே, நான் உன்னைப் படிக்க மாட்டேன்னா?" என்று கண்ணைச் சிமிட்டினார். "கோகோவில இருக்கிற ஃபிளேவனால் ரத்தக் குழாயைத் தளர்த்தும், ரத்த அழுத்தம் கொஞ்சம் எறங்கும். மனப்பாடமே ஆயிடுச்சு."

அவள் பதினோரு வருஷமாக எழுதுகிறாள். அண்ணன் ஒருநாள்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

"எத்தனை நாளா சாப்பிடறே?"

"அது வந்த அன்னைக்கே வாங்கிட்டேன். நேத்தோட பதினேழு நாள். ஆபரேஷனுக்கு முன்னாடி பி.பி. குறையணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல? உன் அண்ணி எனக்காக வயித்தை அறுத்துக்கப் போறா. என் பங்குக்கு நானும் ஏதாவது பண்ணணும்ல? பாத்தியா, குறைஞ்சிடுச்சு!"

"ரெண்டு சின்னத் துண்டுன்னுதான எழுதியிருந்தேன்?"

"நல்லதுன்னா கொஞ்சம் கூடப் போட்டா என்ன? காலையில ஒரு வரிசை, சாயங்காலம் ஒரு வரிசை. இது ஸ்வீட்டுகூடக் கிடையாது, நல்லா கசக்கும். கசந்தா மருந்துதானே?"

"அண்ணிக்குத் தெரியுமா?"

"அவகிட்ட சொன்னா அட்டவணையில இல்லைன்னு பிடுங்கிப் போட்டுடுவா. நீயும் சொல்லிடாதே."

"அண்ணா, இதுல பொட்டாசியம் இருக்கு."

லிஃப்ட்காரர் சிரித்தார். "சும்மா இரு. இருந்தா நீ எழுதியிருக்க மாட்டியா?"

அவள் கையில் இருந்த தன் கட்டுரையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். ரத்த அழுத்தம் இருந்தது. மெக்னீசியம், இரும்புச் சத்து இருந்தது. மனச்சோர்வுக்கு நல்லது என்று இருந்தது. எழுபது சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் என்று இருந்தது. அதோடு முடிந்திருந்தது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது என்று ஒரு பத்தி எழுதினாள். சத்தியமாக எழுதினாள். அண்ணனை மனதில் வைத்துத்தான் எழுதினாள். அது காணவில்லை.

"வரிசை எங்கே?" என்று அண்ணன் வாயைத் திறந்து காத்திருந்தார்.

"இனிமே ஒரு துண்டுகூடக் கிடையாது," என்று அவள் எழுந்தாள். பட்டையைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "அந்தப் பத்தியை எவனோ வெட்டியிருக்கான். போய்க் கேட்டுட்டு வரேன்."

*

பஸ்ஸில் போகும்போதே சண்டைக்கு வசனம் தயார் செய்துவிட்டாள். விளம்பரத்துக்காக வெட்டினீர்களா? ஒரு உயிர் போயிருந்தால் யார் பொறுப்பு? மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறினாள்.

இதழின் பக்கங்களை வடிவமைக்கிறவர் ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம் இருக்கும் மனிதர். இரண்டு கண்ணாடி வைத்திருப்பார், ஒன்று திரைக்கு, ஒன்று தாளுக்கு. அவள் கத்தி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு அலமாரியைத் திறந்து அந்த வாரத்துப் பிழைதிருத்தத் தாளை எடுத்து வைத்தார்.

கடைசிப் பத்தியின் மேல் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு. பக்கத்தில் அவர் கையெழுத்தில் பொடியாக எழுதியிருந்தது: 'நான்கு வரி நீளம். எழுதியவர் தொலைபேசியில் சொன்னபடி நீக்கம்.'

"நான் சொன்னேனா?"

"நீங்க அன்னைக்குப் பல் டாக்டர்கிட்ட காத்துக்கிட்டிருந்தீங்கம்மா. நாலு வரி நீளுது, எதை எடுக்கலாம்னு கேட்டேன். கடைசிப் பத்தியை எடுத்துடுங்க சார்னீங்க."

"நீங்க... ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டேனே. எச்சரிக்கை மாதிரி இருக்கே, எடுக்கலாமான்னு கேட்டேன்." அவர் தயங்கினார். "யார் சார் கடைசிப் பத்தி வரைக்கும் படிக்கிறாங்கன்னு சொன்னீங்க."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. இப்போது ஞாபகம் வந்தது. பல் வலி, வரிசையில் தன் முறை வந்த அவசரம், அந்த அலட்சியமான சிரிப்புகூட ஞாபகம் வந்தது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டுப் படிக்கிற ஒருவர் தன் வீட்டிலேயே இருக்கிறார் என்பது மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை.

காலையில் எட்டுப் பேர் முன்னால் அண்ணியைப் பார்த்துக் கேட்டதும் கூடவே ஞாபகம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆசிரியர் அறையில் அவளுக்கு இன்னோர் ஏமாற்றம் காத்திருந்தது. மறுப்பார், மழுப்புவார், நாலு வார்த்தை சூடாகக் கேட்கலாம் என்று போனவளிடம் அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எழுது. இந்த வாரமே கட்டம் கட்டிப் போடறேன்," என்றார். சண்டை போட அங்கே ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். 'டார்க் சாக்லேட்டைப் பற்றி நான் சொன்ன நன்மைகள் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குப் பொருந்தும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதில் உள்ள பொட்டாசியம் உயிருக்கே ஆபத்து. அதைச் சொல்லியிருந்த பத்தியை இடமில்லை என்று நீக்கச் சொன்னவள் நான். இது என் தவறு.'

ஆசிரியர் படித்தார். "கடைசி ரெண்டு வாக்கியம் வேணுமா? இதழுக்கும் அது..."

"வேணும் சார்."

அவர் தலையை ஆட்டினார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இதழில் ஒப்புக்கொள்வது சுலபமான பாதி. மீதிப் பாதி எடைமேடையில் உட்கார்ந்திருந்தது.

*

சரக்கு வளாகத்தின் வாசலில் ஏழு லாரிகள் வரிசையில் நின்றன. தராசு கண்ணாடிக் கூண்டுக்குள் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "முன்னாடி வாங்க. இன்னும். நிறுத்துங்க. எஞ்சினை அணைங்க." திரையில் எண் ஓடி நின்றது. சீட்டு அச்சாகி வந்தது.

நாத்தனாரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "அவருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. நல்லா இருக்கார். மெஷின் ஓடிக்கிட்டிருக்கு."

"அப்பாடா." தராசு மூச்சை விட்டாள். "சரி, கேளு. நீயும் இனிமே அதைப் பேச வேண்டாம். டாக்டருக்குப் போன் பண்ணி சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"காயை வேகவெச்ச தண்ணியைக் கொட்டாம விட்டது நான்தான்னு சொல்லிட்டேன். ரெண்டு வாரமா அசதியில விட்டுட்டேன்னு."

"நீங்க கொட்டினீங்களே!"

"கொட்டினேன். ரெண்டு தடவை கொட்டினேன்." தராசு அடுத்த லாரிக்குக் கையைக் காட்டினாள். "ஆனா அவர் மேல தப்புன்னா தேதி போயிடும். என் மேல தப்புன்னா தேதி நிக்கும். டாக்டர் என்னை நல்லாத் திட்டினாங்க. திட்டிட்டு, அப்ப திங்கட்கிழமை இருக்கட்டும்னாங்க. எனக்கு அது போதும்."

பேப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லாமல் திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சாக்லேட்டைத்தான் பிடுங்கியாயிற்றே. தேதி நிற்கிறது. எல்லோரும் பிழைத்தோம். வாயை மூடிக்கொண்டால் என்ன?

அந்த ஆசை அவளுக்கு அசிங்கமாக இருந்தது. பையிலிருந்து கறுப்புப் பட்டையை எடுத்துச் சீட்டுக் கட்டின் மேல் வைத்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பல் டாக்டர் வீட்டு வரிசையைக்கூட விடவில்லை.

தராசு நடுவில் ஒரு லாரியை மட்டும் எடை போட்டு அனுப்பினாள்.

"ஒரு வரிசை எத்தனை கிராம்?" என்றாள் கடைசியில்.

"நாப்பது."

"ஒரு நாளைக்கு எண்பது. பதினேழு நாள்." அவளுக்குத் தாளோ பேனாவோ தேவைப்படவில்லை. "ஒரு கிலோ முன்னூத்தி அறுபது கிராம். அந்தப் பதினேழு நாளும் நான் கேரட்டை நிறுத்துப் போட்டுக்கிட்டிருந்தேன். பசிக்குது இன்னும் ரெண்டு துண்டு போடேன்னு கேட்டார். போட மாட்டேன்னு சொல்லிட்டு அடுப்படியில நின்னு அழுதேன்."

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க. நான் எழுதினதை நம்பித்தான் அண்ணன்..."

"நீ எழுதினதுல எனக்குக் கோபம் இல்ல. மறந்து போறது மனுஷங்களுக்கு நடக்கும். காலையில பெஞ்சு முன்னாடி நிக்கவெச்சு என்னைக் கேட்டியே, அதுல கோபம் இருக்கு. அது இப்ப போகாது. போறப்ப போகும்." தராசு மாற்று ஆளை வரச் சொல்லிப் போன் செய்தாள். "நான் இப்ப நினைக்கிறது வேற. நீ என்னைக் கேட்டப்ப அவர் பக்கத்துலதான் நின்னார்."

"அது சாக்லேட்டாலன்னு அப்ப அண்ணனுக்குத் தெரியாது அண்ணி."

"நான் தினமும் தண்ணியைக் கொட்டினது தெரியும்ல?"

பேப்பர் சீட்டுக் கட்டின் மேல் இருந்த பட்டையை எடுத்துத் திரும்பப் பையில் போட்டாள்.

*

மதியம் ஒன்றரைக்கு ஊசிகளை எடுத்து அவரைக் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். பொட்டாசியம் நான்கு புள்ளி ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. லிஃப்ட்காரர் கட்டிலில் சாய்ந்து, கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு தெம்பாக இருந்தார். மனைவியைப் பார்த்ததும், "நாலு ஒன்பது!" என்று விரல்களைக் காட்டினார்.

தராசு கட்டில் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தங்கை கதவருகே நின்றாள். வரும் வழியில் அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: நானே கேட்கிறேன், நீ முந்திக்கொண்டு சொல்லாதே.

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன். வீட்டுச் சாப்பாட்டைத் தவிர வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"நானா? இல்லையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கோபப்பட மாட்டேன்."

"யோசிக்க என்ன இருக்கு? நீ போடறதைத் தவிர பல்லுல ஒண்ணும் படலை."

தங்கை கதவருகிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். "அண்ணா," என்றாள், "சொல்லிடு அண்ணா."

லிஃப்ட்காரர் அவளை முறைத்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பிச் சிரிக்கப் பார்த்தார். "இவ காலையில இருந்து ஏதோ உளறிக்கிட்டிருக்கா. அதான் டாக்டரே சொல்லிட்டுப் போனாங்களே, நீதான் தண்ணியைக் கொட்டாம விட்டியாமே. பரவாயில்ல விடு. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கலை."



"பெருந்தன்மையா என்னை மன்னிச்சிட்டீங்க," என்றாள் தராசு.

"அப்படி இல்ல..."

"மூணாவது தடவையாக் கேக்கறேன். சாப்பிட்டீங்களா?"

"இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

தராசு தலையை அசைத்தாள். அழவில்லை. போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். அது மறுமுனையில் அடிக்க ஆரம்பித்ததும், கணவரைப் பார்த்தே பேசினாள். "எங்கிட்ட இருக்கிறது ரெண்டு. ஒண்ணை உங்களுக்குக் கொடுக்கறேன்னு கையெழுத்துப் போட்டப்ப நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. பயமும் வரலை. இப்ப வருது."

"யாருக்குப் போன் பண்றே? என்னடி பண்றே நீ?"

"சொல்லுங்கம்மா," என்று போனில் டாக்டரின் குரல் வெளியே கேட்டது.

"டாக்டர், காலையில நான் சொன்னது பொய். தண்ணியைத் தினமும் கொட்டினேன். அவர் சாக்லேட் சாப்பிட்டிருக்கார், பதினேழு நாளா, தினம் எண்பது கிராம்."

லிஃப்ட்காரர் பதறி எழுந்து உட்கார்ந்தார். "சாப்பிட்டேன்! சரி, சாப்பிட்டேன்! உனக்காகத்தான் சாப்பிட்டேன், உன் கண்ணு முன்னாடி நல்லபடியா ஆபரேஷன் முடியணும்னுதான்..."

அது உண்மை என்று தங்கைக்குத் தெரியும். தராசுக்கும் தெரிந்திருக்கும்.

"இன்னொண்ணு டாக்டர்," என்றாள் தராசு. "திங்கட்கிழமையை நீங்க எடுக்க வேண்டாம். நானே எடுத்துக்கறேன். கொடுக்க எனக்குச் சம்மதம் இல்ல."

மறுமுனையில் டாக்டர் ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லாமல் போனை அணைத்துப் பையில் போட்டாள். எழுந்து உட்கார்ந்ததில் நழுவியிருந்த போர்வையைக் கணவரின் தோள்வரை இழுத்துவிட்டு, ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வெளியே போனாள்.